மேலே இருக்கும் பேர்

கார்மேகத்துக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது துடைக்கும், படுத்தால் கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அஜ்மான் கேம்பில் அவனுக்கு மேல்கட்டிலில் படுக்கும் பாலகுரு, "யோவ், கீழ என்னய்யா கிரைண்டர் ஓடுது? காலையில டூட்டிக்குப் போகணும், தூங்க விடுய்யா" என்று கத்தாத நாள் இல்லை. கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், வாட்டசாட்டமான உடம்பு, நாற்பதை நெருங்கும் வயசு. பார்த்தால் மலையைப் புரட்டுவான் என்று தோன்றும். ஆனால் மூன்றாம் மாடிக்கு ஏறச் சொன்னால் போதும், மனுஷன் முழங்கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

பிறவியில் வந்த கோளாறு இல்லை அது. துபாயில் ஒரு டவர் கட்டும் சைட்டில், கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைக்கும் வேலையில் இருந்தவன்தான் அவனும். கூட நின்ற ஐயப்பன், "அந்த ஆணிய எடு மாப்ள" என்று கையை நீட்டினான். கார்மேகம் குனிந்து ஆணியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே ஆள் இல்லை. வானம்தான் இருந்தது. கீழேயிருந்து சத்தம் வருவதற்குள் அவனுக்குக் கால் இரண்டும் செத்துவிட்டன. அன்றைக்குப் பிடித்த ஆட்டம்தான், இன்னும் நிற்கவில்லை.

ஃபோர்மேன் திட்டிப் பார்த்தான், சூப்பர்வைசர் நெட்டித் தள்ளிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. எடுத்த வீசாவை வீணாக்கக் கம்பெனிக்கு மனசு வராமல், அவனை ஷார்ஜாவில் ஒரு அரபியின் வில்லாவுக்குக் கிளீனராக அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு தளம், நல்ல தரை, ஏறுவதற்குப் படியே கிடையாது. வாசலில் கால் வைத்ததும் கார்மேகம் கும்பிட்டான். தரையைத்தான் கும்பிட்டான்.

முதலாளியை அங்கே எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். வயசான மனுஷர், பம்பாயோடு வியாபாரம் செய்து வளர்ந்தவர், இந்தி தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய வெள்ளிக்காசு. பத்துத் தலைமுறைக்கு முந்திய காசெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெல்வெட் துணிமேல் படுத்துக்கிடக்கும். கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போன இந்தத் தகரத்துக்கா இத்தனை ஏசி, இத்தனை பூட்டு என்று கார்மேகத்துக்கு முதலில் சிரிப்பாக வந்தது.

அந்தக் காசுகளுக்குச் சீட்டு எழுதி வைக்கிற வேலை கிருபனுக்கு. யாழ்ப்பாணத்துப் பையன், முப்பதைத் தாண்டியவன், இங்கிலீஷ், அரபி இரண்டும் படிப்பான். வாயைத் திறந்தால் காசுதான். கார்மேகம் மாப்பைத் தள்ளிக்கொண்டு போனால் பின்னாலேயே கதை வரும்.

"காசில ஆர்ட பேர் கிடக்குதோ அவன்தான் ராசா, அண்ணை. வெள்ளிக்கிழமைத் தொழுகையில ஆர்ட பேரச் சொல்லுறாங்களோ அவன்தான் ராசா. மிச்சமெல்லாம் சும்மா கதை. இந்தக் கரையில இருந்த சின்னச் சின்னத் துறைமுகத் தலைவனெல்லாம் பெரிய ராசா பலமா இருக்கேக்க அவன்ர பேரைப் போட்டு அடிப்பாங்கள். அவன் கொஞ்சம் தளர்ந்திட்டான் எண்டால் காணும், அதே காசைத் திருப்பி எடுத்து, அதுக்கு மேல தங்கட பேரைக் குத்திப்போடுவாங்கள்."

"எங்க ஊர்ல பாத்திரத்துல பேரு வெட்டுற மாதிரின்னு சொல்லுங்க" என்றான் கார்மேகம். "கல்யாணத்துக்கு வந்த அண்டாவுல மாமனார் பேர் இருக்கும். சண்டையில பாகம் பிரிச்சா, அதச் சுரண்டிட்டு மருமக தன் பேர வெட்டிக்குவா."

கிருபன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதேதான் அண்ணை! அதேதான் அரசியல்!"

"அது சரி சாரு. மேல இருக்கவனும் கீழ இருக்கவனும் இப்படி மாத்தி மாத்திக் குத்திக்கிட்டா, காச வச்சிருந்தவன் பாடு?"

"அவன்ட பேரை ஆர் அடிக்கப்போறான்?" என்று சொல்லிவிட்டுக் கிருபன் பேனாவை எடுத்துக்கொண்டான்.

அர்பாபுக்கு ஒரு காசு உயிர். நடுப்பெட்டியில் தனியாக இருக்கும். அவருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஒரு துறைமுகத்துக்குத் தலைவனாம். கடல் தாண்டி ஆண்ட பெரிய ராஜாவுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று எழுந்து நின்று, ராஜா பேர் போட்ட காசைப் பிடுங்கி அதன்மேல் தன் பேரை அடித்தானாம். அந்தக் காசுதான் இது. காசு முழுக்கக் கறுப்பேறி, இரண்டு பேரின் எழுத்தும் பின்னிக்கிடக்கும். எது மேலே எது கீழே என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வருகிற விருந்தாளிக்கெல்லாம் அர்பாப் நெஞ்சை நிமிர்த்தி அந்தக் கதையைச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் ஒரு கிண்ணம் அரபிக் காபி, காவா, குடிப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். தீபாவளியோடு கார்மேகத்தின் வீசா முடிகிறது. கம்பெனி ஆபீஸில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: வில்லா கான்ட்ராக்ட் முடிந்தது, இனிமேல் பழையபடி பலகை அடைக்கும் ஷட்டரிங் வேலைதான், டவர், நாற்பது மாடிக்கு மேலே. இஷ்டமில்லையென்றால் கேன்சல், ஊருக்கு டிக்கெட். ஊருக்குப் போய் என்ன செய்வது? ஊரில் பிழைப்பு இருந்தால் அவன் ஏன் ஃபிளைட் ஏறினான்? மனைவி நாகவள்ளி போனில் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் "ம்" மட்டும் போடுவான். டவரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

கூச்சத்தை விட்டு அர்பாபிடம் கேட்டே விட்டான். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, கம்பெனியிலிருந்து ரிலீஸ் வாங்கித் தன் வீட்டு வீசாவிலேயே அவனைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று யோசித்தார். "தேக்தா ஹூன்" என்றார். பார்க்கிறேன் என்று அர்த்தம். பார்க்கிறேன் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் தூங்குவான்? கார்மேகத்தின் கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காசைப் பார்க்க வெள்ளைக்கார அம்மா ஒருத்தி வருவதாகச் செய்தி வந்தது. பழங்காசு படிப்பதில் பெரிய பேர் எடுத்தவள், புத்தகம் போடப்போகிறாள். அர்பாப் காசு புத்தகத்தில் வரப்போகிறது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. ரம்ஜான் மாசம், நோன்பு வேறு. அந்தக் களைப்பிலும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடிப் பெட்டிச் சாவியைக் கார்மேகம் கையில் கொடுத்து, "சப் சாஃப் கரோ" என்று உத்தரவு போட்டார். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

"கண்ணாடியை மட்டும் துடையுங்கோ அண்ணை" என்று கிருபன் சொல்லியிருந்தான். ஆனால் கிருபன் சொன்னது போன மாசம். அர்பாப் சொன்னது இன்றைக்கு.

இன்றைக்கு என்ன நாள்? சரஸ்வதி பூஜை. இங்கேதான் கார்மேகத்தின் புத்தி வேலை செய்தது. ரம்ஜான் என்பதால் ஆபீஸ் மதியத்தோடு முடிந்து கிருபன் கிளம்பிவிட்டான், அர்பாப் உள்ளே படுத்திருந்தார். கார்மேகம் மாப்பையும் வாளியையும் கழுவிப் பொட்டு வைத்தான். வேக்குவம் கிளீனருக்கும் ஒரு பொட்டு. பிறகு நடுப்பெட்டியைத் திறந்து பார்த்தான். நாளைக்கு ஊரே பார்க்கப்போகும் வெள்ளி, இப்படிக் கறுத்துக்கிடக்கலாமா? நம் வீட்டில் பூஜைக்கு இப்படி ஒரு வெள்ளி விளக்கை எடுத்து வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? பெரியவர் மானம் போகாதா?

பையில் நாகவள்ளி கொடுத்துவிட்ட திருச்செந்தூர் திருநீறு இருந்தது. வெள்ளி விளக்க அதற்கு மிஞ்சி என்ன இருக்கிறது? இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே, மெத்தென்ற பனியன் துணியால் அந்தக் காசைத் தேய்த்தான். கறுப்பு கரைந்து கரைந்து வந்தது. காசு நேற்று அடித்த மாதிரி பளிச்சென்று சிரித்தது. அவனும் சிரித்தான். அன்று முழுவதும் அவன் கால் ஆடவே இல்லை. இதைப் பார்த்தால் அர்பாப் வீசாவை நாளைக்கே அடித்துக் கொடுத்துவிடுவார் என்று நம்பினான், பாவி.

காலையில் கிருபன் போட்ட சத்தத்தில் சமையல்காரர் மீராசா கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஐயோ, என்ன விசர் வேலை செய்து வைச்சிருக்கிறியள்! அந்தக் கறுப்புத்தானே அதின்ட வயசு! அதைப் போய்க் கழுவிப்போட்டியளே அண்ணை!"

"வெள்ளின்னா வெளக்கக் கூடாதா சாரு? என்ன சாரு சொல்றீங்க?" என்றான் கார்மேகம். சமாளிக்க நேரமில்லை. வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம். அர்பாப் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். கூடவே அவருடைய உறவுக்காரர்கள் நாலைந்து பேர்.

காசைப் பார்த்ததும் அர்பாபின் கண் ஒரு நிமிஷம் விரிந்தது. ஆனால் விருந்தாளி முன்னால் அவர் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. வெகுநேரம் கழித்து இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். கிருபன் முகம் வெளுத்தது. உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தன் மீசைக்குள் சிரித்தான்.

"என்ன சொல்லுது சாரு?" என்று கார்மேகம் கிசுகிசுத்தான்.

"இப்பத்தான் எழுத்து வடிவாத் தெரியுதாம். மேல இருக்கிறது பெரிய ராசான்ட பேர். அர்பாபின்ட ஆள்தான் கீழ. அந்தாள் ராசாவை எதிர்க்கேல்லையாம், அண்ணை. ராசாதான் அந்தாளை அடக்கிப்போட்டு, அவன்ர காசைப் பிடுங்கி அதுக்கு மேல தன்ர பேரைக் குத்தியிருக்கிறான்."

ஒரு குடும்பம் பத்துத் தலைமுறையாகச் சொல்லிவந்த கதையைக் கார்மேகம் ஒரு பனியன் துணியால் துடைத்துவிட்டிருந்தான்.

அர்பாப் கண்ணால் ஜாடை காட்டி அவனைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். கோபமே இல்லை குரலில், அதுதான் பயமாக இருந்தது. இந்தியில் மெதுவாகச் சொன்னார்: நீ வயர் பிரஷ்ஷால் தேய்த்தாய். அதில் கீறல் விழுந்து எழுத்து மாறித் தெரிகிறது. அந்த அம்மாளிடம் அதைச் சொல். சொன்னால் இந்த வாரமே உன் வீசா. சொல்லாவிட்டால் உன் கம்பெனிக்குப் போன் போடுகிறேன், சாயங்காலம் வண்டி வரும்.

கார்மேகம் "ஜி அர்பாப்" என்றான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செத்துப்போன ராஜாக்களில் எவன் மேலே இருந்தால் அவனுக்கென்ன? அவன் நாற்பதாம் மாடிக்கு மேலே போகாமல் இருந்தால் போதும். வயர் பிரஷ், வயர் பிரஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தான். அதற்குள் அர்பாப் கிருபன் காதிலும் அதையே ஓதிவிட்டிருந்தார்.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டாள். கிருபன் தமிழில் சொன்னான்: "எதால தேய்ச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

கார்மேகம் வாயைத் திறந்தான். விஜயதசமிக் காலை. குளித்துவிட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்த திருநீறு வியர்வையில் நனைந்து புருவத்தில் வழிந்தது. எந்தத் திருநீற்றால் விளக்கினானோ அதே திருநீறு. அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, வயர் பிரஷ் என்று எப்படிச் சொல்வது? சாமி காரியமாகச் செய்ததைப் போய் நாசவேலை என்று சொல்ல வேண்டுமா? அவன் சொல்ல நினைத்தது ஒன்று, வந்தது ஒன்று.

"திருநீறு சாரு. திருநீறும் பனியன் துணியும்தான். ஒரு கீறல் கூடப் போடல. பூப் போல தேச்சேன். உள்ள என்ன இருந்துச்சோ அதுதான் வெளிய வந்திருக்கு. முருகன்மேல சத்தியம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முடிந்தது கதை. சாயங்காலம் வண்டி. காலடியில் தரை ஆடியது.

கிருபன் அவனையே பார்த்தான். பிறகு அர்பாபைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் பேசினான். கார்மேகத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காகச் சைட்டில் கம்பியின் துரு தேய்த்தவனுக்கு 'வயர் பிரஷ்' தெரியும். அந்த வார்த்தை கிருபன் வாயிலிருந்து வந்தது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

அந்த அம்மாள் உச்சுக்கொட்டி என்னமோ எழுதிக்கொண்டாள். மீசைக்குள் சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். அர்பாப் எழுந்து வந்து, எல்லோரும் பார்க்கக் கார்மேகத்தின் தோளில் தட்டி, "மாலிஷ், மாலிஷ்" என்றார். போகட்டும் விடு என்று மன்னித்துவிட்டாராம். உறவுக்காரர்கள் அவருடைய பெருந்தன்மையை மெச்சினார்கள்.

விருந்தாளிகள் போன பிறகு, கார்மேகம் கிருபனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"நான் என்ன சொன்னேன்? திருநீறுன்னு சொன்னேனா இல்லையா? நீங்க என்ன சொன்னீங்க? யாரக் கேட்டுச் சாரு என் வாயில வயர் பிரஷ்ஷத் திணிச்சீங்க?"

"கத்தாதேங்கோ அண்ணை."

"கத்துவேன்! நீங்களும் திருநீறு பூசுறவருதானே? அது என்னன்னு தெரியாத ஆள் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும்."

கிருபனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய மனைவி கஜந்தினியைப் பற்றிக் கார்மேகத்துக்குத் தெரியும். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு பாதை மூடிய பிறகு, கப்பல் பிடித்து ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து லாட்ஜில் கிடக்கிறாள். அவளை இங்கே கூப்பிட்டுக்கொள்ள அர்பாப்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"உண்மையச் சொல்லியிருந்தால் பின்னேரம் நீங்கள் டவரில. நான் வேலையில்லாமல் ரோட்டில. அவள் அங்க. அந்த ராசாவுக்கும் இந்தத் தலைவனுக்கும் நாங்கள் ஏன் அண்ணை சாக வேணும்?"

"அப்ப யாருக்காகச் சொன்னீங்க? எனக்காகவா, உங்க வீட்டம்மாவுக்காகவா?"

"தெரியேல்ல அண்ணை" என்றான் கிருபன். "சத்தியமாத் தெரியேல்ல."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது கார்மேகத்துக்கு. இரண்டும் செய்யவில்லை. அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கனவே மீராசா துடைத்து வைத்திருந்த மேடை.

அர்பாப் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வாரமே கம்பெனியில் ரிலீஸ் வாங்கினார், தீபாவளிக்கு முன்னால் புது வீசா வந்துவிட்டது. கஜந்தினிக்கும் கையெழுத்து விழுந்தது. நடுப்பெட்டியில் கிருபன் புதுச் சீட்டு எழுதி வைத்தான், துப்புரவின்போது சேதமடைந்தது என்று. அர்பாப் இப்போது விருந்தாளிகளுக்குச் சொல்லும் கதை இன்னும் நீளமாகிவிட்டது. முப்பாட்டனின் வீரம் முடிந்ததும், அந்த வீரத்தை வயர் பிரஷ்ஷால் கெடுத்த ‘ஹிந்தி’யை, அந்த இந்தியாக்காரனை, கூப்பிட்டுக் காட்டுவார். கார்மேகம் வந்து பெட்டி பக்கத்தில் நிற்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் வாயே திறக்க மாட்டான். திறந்தால் திருநீறு என்றுதான் வரும், ஒருநாள் சொல்லத்தான் போகிறேன் என்று பாலகுருவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் ஒருநாள் ஹைதராபாத்திலிருந்து ஒருவர் வந்தார். காசு சேர்க்கிறவர், தாடி நரைத்த நிதானமான ஆள். கிருபன் கஜந்தினியை அழைத்துவர ஏர்போர்ட் போயிருந்தான். அர்பாபுக்குப் போன் வந்து அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அறையில் இவர்கள் இரண்டு பேர்தான். ஹைதராபாத்காரர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கார்மேகத்தைக் கூப்பிட்டு இந்தியில், அவனுக்கு நன்றாகப் புரிகிற இந்தியில், மெல்லக் கேட்டார்.

"பாய், இது பிரஷ்ஷால் விழுந்த கீறல் மாதிரி இல்லையே. இது பழைய அடி. உண்மையில் என்ன நடந்தது? இங்கே யாரும் இல்லை, சொல்."

மொழிபெயர்க்க யாரும் இல்லை. மறிக்க யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அர்பாபின் குரல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கார்மேகம் அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தான். நல்ல முகம். சொன்னால் நம்பக்கூடிய முகம்.

"வயர் பிரஷ்தான் சாப்" என்றான். "நான்தான் கெடுத்தேன். படிக்காதவன், தெரியாமல் செய்துவிட்டேன்."

அவர் லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். "இப்படிச் செய்தவனை இன்னும் வேலையில் வைத்திருக்கிறாரே!"

"பெரிய மனசு சாப் அவருக்கு" என்றான் கார்மேகம். அதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.